இருபத்தாறு புள்ளி நாலு கிலோ

சைக்கிளை யார் தூக்குவது என்று நான் கேட்டேன். மூன்று கடைகளில் கேட்டேன். மூன்று கடைக்காரர்களும் என் கணவரைக் கைகாட்டினார்கள். அவரும் மறுக்காமல், பந்திக்குக் கூப்பிட்ட ஆள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

என் பெயர் சுசீலாபாய். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை, அதில் கடைசிப் பதினோரு வருஷம் ஆபரேஷன் வார்டுக்கு ஹெட். கரமனையில் எங்கள் தெருவில் நான் யாருக்கும் சுசீலாபாய் கிடையாது, சிஸ்டர்தான். ஆட்களைத் தூக்கித் தூக்கி என் நடுமுதுகில் ஒரு தட்டு விலகிவிட்டது. குனிந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் அடுத்த இரண்டு நாள் கட்டிலில் கிடக்க வேண்டும்.

என் நிலைமை அது. அவர் நிலைமை அதைவிட மோசம். அவர் ஞானையன், ரிட்டயர்டு ஓவர்சியர், வயது அறுபத்து நாலு. ஒன்பது மாதத்துக்கு முன்னால் பைபாஸ் செய்தார்கள். அதற்கு நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறப்பார்கள், முடிந்ததும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். மூன்று மாதத்தில் கூடிவிட வேண்டிய எலும்பு இவருக்குக் கூடவில்லை. சர்க்கரைக்காரர். மறுபடியும் திறந்து கம்பியை மாற்றிக் கட்டினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டருக்கு நான் சொல்லித் தர வேண்டாம். ஒரு வருஷம் அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கப்படாது. இனி ஒரு தடவ விட்டுப்போச்சுன்னா, கம்பி பிடிக்க அங்க எலும்பு இல்ல" என்றார். அதை நான் வீட்டுக்கு வந்து இவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "செரி" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு நாலு மாதம் மனுஷன் டி.வி. முன்னால் உட்கார்ந்தே இருந்தார். நடக்கச் சொன்னார் டாக்டர். தெருவில் இறங்கினால் ஆட்கள் நிறுத்தி "இப்பம் எப்பிடி இருக்கு சாரே?" என்று கேட்கிறார்களாம், அதனால் நடக்க மாட்டேன் என்றார். சட்டையின் மேல் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டுதான் சர்ச்சுக்கு வருவார். தழும்பு தெரியக்கூடாது. யாராவது கேட்டால் "சின்ன ஒரு ஓப்பரேஷன்" என்பார். சின்ன ஓப்பரேஷனாம்! காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்திருக்கிறது.

துபாயில் இருக்கும் எங்கள் மகன் அபின்தான் இரண்டு மின்சார சைக்கிள் வாங்கிக் கொடுத்தான், அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தடித் தடி டயர், பெடலை மெல்ல மிதித்தால் போதும், மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். டாக்டரிடம் கேட்டோம். ஓட்டலாம், ஆனால் தூக்கக்கூடாது என்றார். சர்ச் காம்பவுண்டில் முதல் நாள் அவர் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து இறங்காமலே "எடீ, ஒரு வட்டம் கூடப் போயிட்டு வாறேன்" என்றார். ஐந்து மாதத்தில் அவர் தானாகக் கேட்ட முதல் காரியம் அதுதான். நான் மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் சர்ச் காம்பவுண்டில் எத்தனை வட்டம்தான் போவது? கரமனை ரோட்டில் பஸ்ஸும் லாரியும் விடும் ஓட்டத்தில் இவரை இறக்கிவிட எனக்குத் தைரியம் இல்லை. பொன்முடிக்குப் போகணும் என்று பிடிவாதம் பிடித்தார். மேலே குளிர்ச்சியான ரோடு, வண்டி குறைவு, தேயிலைக்காடு. மே மாதம் கடைசியில் மழை பிடித்துவிட்டால் மூடுபனியும் மண்சரிவும்தான், அதனால் அதற்குள் போகணும். செரி, போவோம் என்றேன். எங்களிடம் ஒரு பழைய பொலீரோ உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அதை நான்தான் ஓட்டுகிறேன். சைக்கிள் இரண்டும் அதன் உள்ளே நுழையாது. வண்டியின் பின்னால் ஒரு இரும்புக் குழாய் பொருத்தி, அதில் செருகி மாட்டும் சைக்கிள் ரேக் வாங்க வேண்டும். அந்தக் குழாயை ஹிட்ச் என்கிறார்கள். அதிலிருந்து தொடங்கியது எனக்குச் சனியன்.

முதலில் பாப்பனங்கோட்டில் சஜியின் கடை, கார் சாமான் விற்கிற கடை. அது திங்கட்கிழமை. சஜி ஒரு ரேக்கைக் காட்டினான். இரண்டு கம்பிக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதில் சைக்கிளின் மேல்தண்டைத் தொங்கவிட வேண்டும்.

"சாரே, ஒரு குழப்பமும் இல்ல. ஹிட்ச் நான் வெல்டு பண்ணித் தாறேன். சைக்கிளப் பிடிச்சு ஒரே தூக்கு, காரியம் கழிஞ்சு" என்றான்.

"யாரு தூக்குவா?" என்றேன்.

"சாருதான்." கொஞ்சம் சிரித்துக்கொண்டே, "சேச்சி ஒரு கை பிடிச்சாப் போரும்" என்றான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். சொல்லுங்க, தூக்கக்கூடாது என்று சொல்லுங்க என்று கண்ணால் சொன்னேன். அவர் கம்பியின் கனத்தை விரலால் அளந்துகொண்டிருந்தார்.

"எங்க சைக்கிளில மேல்தண்டே கிடையாது, காலைத் தூக்காம ஏறுற மாதிரி நடு தாழ்ந்து கிடக்கும். எதத் தொங்கவிடுவிய?" என்று கேட்டேன். அதற்குத் தனியாக ஒரு குறுக்குக் கம்பி விற்கிறதாம். அதையும் மாட்டித் தூக்க வேண்டுமாம். பிறகு சைக்கிள் மறைத்தால் நம்பர் பிளேட் தெரியாது, ரோட்டுக் கேமரா பிடித்து ஃபைன் வரும், அதனால் ரேக்கின் மேல் இன்னொரு நம்பர் பிளேட், அதற்கு ஒரு லைட், அந்த லைட்டுக்கு ஒரு ஒயர். ஒரு சைக்கிள் கொண்டுபோக வண்டிக்கு வாலும் வால்விளக்கும்! கடைசியில் சஜி, "வெயிட் எத்தரன்னு தெரிஞ்சாத்தான் உறப்பாச் சொல்ல முடியும். இது ஒரு சைக்கிளுக்கு இருபது கிலோ வர தாங்கும்" என்றான்.

"எடை எத்தர?" என்று நான் இவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். "எடை தெரியாம எப்பிடி வாங்குறது? நாலு நாளா நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று வண்டியில் வரும் வழியெல்லாம் சத்தம் போட்டேன். ஆமாம், போட்டேன். அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சிமுத்து வீட்டுக்கு வந்தான். அவன் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள், எங்கள் பின்தெருவில் ஆக்ரிக்கடை, அதாவது பழைய இரும்பும் பேப்பரும் எடைக்கு வாங்கும் கடை வைத்திருக்கிறான். தகரம் கிழித்து வலது உள்ளங்கையில் எட்டுத் தையல். ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டு, கட்டு மாற்ற என்னிடம் வந்தான். "ஒரு வாரத்துக்கு இந்தக் கையால ஒரு செம்பு கூடத் தூக்கப்படாது, கேட்டியா? தையல் பிரிஞ்சிரும்" என்றேன். தினமும் வரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குச் சர்ச்சில் பெண்கள் கூட்டம். மத்தியானம் திரும்பி வந்தபோது என் கணவர் கறுப்பு அட்டை டயரியைத் திறந்து காட்டினார். ஓவர்சியர் வேலையில் இருந்த காலத்துப் பழக்கம், எதையும் அதில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி அடிக்கோடு போடுவார். 'சைக்கிள் எடை: 26.4 கிலோ. இரண்டும் சமம்.'

"பேச்சிமுத்துக்க தராசில போட்டுப் பாத்தேன்" என்றார்.

"நல்ல காரியம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இருபத்தாறு கிலோ என்றால் சஜியின் தொங்கு ரேக் சவம், அதைத் தூக்கி எறியலாம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

அன்று ராத்திரி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயு என்றார். மத்தியானம் கப்பயும் மீன்கறியும் ஒரு பிடி பிடித்திருந்தார். சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன், திட்டும் கொடுத்தேன். அடுத்த நாளும் வாயு. மல்லாந்து படுக்க முடியவில்லை என்று சாய்வு நாற்காலியில் தூங்கினார். "கிழங்கக் கண்டா விடமாட்டிய" என்று அதற்கும் ஏசினேன்.

புதன்கிழமை இரண்டாவது கடை, பைபாஸ் ரோட்டில். அங்கே வண்டியின் கூரைமேல் வைக்கும் ரேக்கைக் காட்டினார்கள். பொலீரோவின் கூரை என் தலைக்கு மேல் இருக்கிறது! "ஹிட்சும் வேண்டாம், நம்பர் பிளேட் பிரச்சினையும் இல்லை, சேட்டன் அப்படியே தூக்கி மேல வச்சாப் போரும்" என்றார் கடைக்காரர். யாரு தூக்குவா என்றேன். சேட்டன் என்றார். சேட்டன் மறுபடியும் தலையை ஆட்டினார். நான் அங்கேயே திரும்பி வெளியே வந்து வண்டியில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

"உங்களுக்கு என்னவாக்கும்? நெஞ்சு ஓப்பரேஷன் செய்த ஆளாக்கும் நான், தூக்கப்படாதுன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அறுந்து விழுந்திருமா?" என்று கேட்டேன்.

"ஊரு முழுக்கச் சொல்லிக்கிட்டு நடக்கணுமா? நமக்கு வேண்டியது ரேக்குதானே."

"ரேக்கு எதுக்கு? உங்களுக்கு. தூக்காம இருக்கதுக்கு. அதச் சொல்லாம எந்த ரேக்க வாங்குவிய?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பது வருஷம் கான்கிரீட்டும் கம்பியும் பார்த்த மனுஷன். சிமெண்ட் மூட்டையை ஒற்றைக்கையால் தோளில் ஏற்றுவார். அந்த ஆளிடம் ஒரு பால் பாக்கெட் பையைக்கூட நான் பறித்து வாங்குகிறேன் என்பது எனக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் வார்டில் ஆள் பிழைக்காது.

இதற்கு நடுவில் பேச்சிமுத்து தினமும் கட்டு மாற்ற வந்தான். புண் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் வழக்கமாக லொடலொட என்று பேசுகிறவன், செவ்வாய்க்கிழமையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கடை. சைக்கிள் மட்டுமே விற்கிற பெரிய கடை. அங்கே இருந்தவன் பெயர் கிரிஷ், முப்பது வயசு இருக்கும், வலியசாலை அக்கிரகாரத்துப் பிள்ளை. நாங்கள் இரண்டு பேரும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே போனதைக் கேட்டு அவனும் தமிழுக்கு வந்துவிட்டான்.

"வாங்கோ மாமி. இது மாதிரி கனமான சைக்கிளுக்குத் தொங்கவிடற ரேக் வேண்டவே வேண்டாம். தட்டு ரேக்தான் நல்லது" என்றான். சேச்சி, சிஸ்டர், இப்போது மாமி. செரி, பையனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு ரேக் காட்டினான். இரண்டிலும் சைக்கிளின் இரண்டு சக்கரமும் ஒரு நீளத் தட்டில் உட்காரும், மேலே ஒரு கொக்கி அழுத்திப் பிடிக்கும். சின்னது ஒரு சைக்கிளுக்கு இருபத்தேழு கிலோ தாங்கும். பெரியது முப்பத்திரண்டு தாங்கும், கூடவே ஒரு சாய்வுப் பலகையும் உண்டு, அதை ரேக்கில் சாய்த்து வைத்து சைக்கிளை உருட்டி ஏற்றலாம். பெரியதை வரவழைக்க மூன்று வாரம் ஆகும். சின்னது கையில் இருக்கிறது.

"சின்னதில யாரு தூக்கி வைக்கிறது?" என்றேன்.

"முட்டி உயரம்தான் மாமி. மாமா தூக்கிடுவாரோன்னோ?" என்று இவரைக் காட்டினான்.

"சின்னதே போரும்" என்றார் மாமா. டயரியை எடுத்துவிட்டார். "மூணு வாரம் போனா மழை வந்திரும். எடை பாத்திருக்கேன், இருபத்தாறு புள்ளி நாலு. இருபத்தேழுக்கு உள்ளதான்."

கிரிஷ் என் போன் நம்பரை எழுதிக்கொண்டு, எங்கள் சைக்கிள் எந்த மாடல் என்று கேட்டு, போனில் தட்டிப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "கம்பெனிக் கணக்கில முப்பது புள்ளி மூணுன்னு போட்டிருக்கே மாமா. ஓ, பேட்டரியோட. பேட்டரி மட்டும் மூணு புள்ளி ஒம்பது. நீங்க பேட்டரியக் கழட்டிட்டு எடை பாத்தேளாக்கும்?"

"ஆமா" என்றார் இவர் பெருமையாக. "கொண்டுபோகும்போ பேட்டரியக் கழத்திக் காருக்குள்ள வச்சுக்கிடலாம்லா? அப்பம் இருபத்தாறு புள்ளி நாலுதானே ரேக்கில வரும்."

"கரெக்டுதான் மாமா. ஆனா பேட்டரி இருந்தா ஒரு சௌகரியம் உண்டு. ஹேண்டில்ல இருக்கற பட்டனை அமுக்கிண்டு நடந்தா சைக்கிள் தானே மெல்ல நகரும். பெரிய ரேக்கில சாய்வுப் பலகை வழியா அதுவா ஏறிடும், மாமி சும்மா பிடிச்சுண்டா போதும். பேட்டரி இல்லேன்னா பட்டன் வேலை செய்யாது. தள்ளணும், இல்லேன்னா தூக்கணும்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். எனக்குப் பாதியில் காது அடைத்துவிட்டது. பேட்டரி எப்போதும் எங்கள் ஃபிரிட்ஜின் மேல்தான் இருக்கும். கார்ஷெட்டில் சாரல் அடிக்கும் என்று நான்தான் உள்ளே வைத்துச் சார்ஜ் போடுவேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வந்தபோதும் இரண்டும் அங்கேதான் இருந்தன.

"பேட்டரி இல்லாம எப்பிடிக் கொண்டு போனிய?" என்றேன்.

"உருட்டிக்கிட்டுத்தான். பின்தெருதானே."

"தராசில எப்பிடி ஏத்தினிய?"

பேச்சிமுத்துவின் தராசை நான் பார்த்திருக்கிறேன். ஆற்று வெள்ளம் ஒரு வருஷம் கடைக்குள் வந்ததிலிருந்து, அவன் தராசை இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் திண்டு கட்டி அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறான். உருட்டி ஏற்ற வழியே கிடையாது.

"பேச்சிமுத்து தூக்கி வச்சான்" என்றார்.

"பேச்சிமுத்துக்கு வலது கையில எட்டுத் தையல். திங்கக்கிழமையே கட்டுப் போட்டது நானாக்கும். அவனால ஒரு செம்பு தூக்க முடியாது."

கிரிஷ் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். என் கணவர் டயரியை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

"நீங்க தூக்கினிய" என்றேன்.

"சுசீலா, இஞ்ச வச்சு வேண்டாம்."

"நீங்கதானே தூக்கினிய?"

"பேட்டரியக் கழத்திட்டுத்தான் தூக்கினேன்" என்றார். "நாலு கிலோ குறையுமில்லா."

அட கர்த்தாவே! நாலு கிலோ குறையுமாம். அஞ்சு கிலோ தூக்கக்கூடாத மனுஷன், தூக்காமல் இருக்க எந்த ரேக் வேண்டும் என்று தெரிந்துகொள்ள, இருபத்தாறு கிலோவை இடுப்புக்குத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அதில் பேட்டரியைக் கழற்றியது ஜாக்கிரதையாம். வாயு! சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேனே நான். மல்லாந்து படுக்க முடியவில்லை என்று மூன்று நாளாக ஒரு ஆள் என் கண்முன்னால் நாற்காலியில் தூங்குகிறார், முப்பத்தொரு வருஷம் வார்டு பார்த்தவள் நான் கிழங்கைக் குற்றம் சொல்லிக்கொண்டு ரேக் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெஞ்சு அறுத்த ஆட்களுக்கு வார்டில் தினமும் நாங்கள் ஒன்று செய்வோம். உள்ளங்கையை நெஞ்செலும்பின் மேல் அழுத்தி வைத்து இருமச் சொல்வோம். எலும்பு கூடியிருந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது. விட்டிருந்தால் உள்ளே ஒரு சொடுக்கு கேட்கும், காதுக்கு அல்ல, கைக்கு.

நான் அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன்.

"எடீ, ஆளுவ பாக்காவ!"

"பாக்கட்டு. இருமுங்க."

"சுசீலா..."

"இருமுங்கன்னு சொன்னேன்."

இருமினார். என் கைக்கடியில் சொடுக்கியது. சின்னதாகத்தான். தெரியாதவர்களுக்குத் தெரியாது.

கிரிஷ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். "மாமி, தண்ணி வேணுமா?" என்று கேட்டான். வேண்டாம், வண்டியின் கதவைத் திறந்து பிடி என்றேன். இவரை ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்லி உட்கார வைத்தேன். தலையணை இல்லை, கடையில் இருந்த ஒரு சைக்கிள் சீட்டு மெத்தைதான் கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சிக்னலில் நிற்கும்போது அவராகவே சொன்னார்.

"நீ எடை எத்தர எடை எத்தரன்னு கேட்டுக்கிட்டே இருந்த. எடை தெரியாம ஏதாவது ரேக்க வாங்கி வச்சா, கடைசில நீ ஒருநா கோபத்தில நானே தூக்குவேன்னு போய்ப் பிடிப்ப. உனக்க நடுமுதுகு போயிரும். அதாக்கும் நான்..."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் செய்திருப்பேன். அந்த உண்மை எனக்குப் பிடிக்கவில்லை. என்னைத் தூக்க விடக்கூடாது என்று அவர் தூக்கியிருக்கிறார், அவரைத் தூக்க விடக்கூடாது என்று நான் கடை கடையாகச் சண்டை போட்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே பாயில் உட்கார்ந்துதான் ஜெபம் பண்ணுகிறோம். ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொள்ள மட்டும் முடியவில்லை.

பழைய டாக்டர்தான் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எதாவது பாரம் தூக்கினீங்களா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு டயரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"இருபத்தாறு புள்ளி நாலு கிலோ. ரெண்டு வண்டி. ஏத்தினது ரெண்டு தடவ, இறக்கினது ரெண்டு தடவ. ஆக நாலு தூக்கு டாக்டரே" என்றார்.

டாக்டர் டயரியைப் பார்த்தார், அடிக்கோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஒரு கம்பி அறுந்திருக்கிறது. மற்றவை பிடித்து நிற்கின்றன. எலும்பு முழுதாக விட்டுப்போகவில்லை. இப்போதைக்குத் திறக்க வேண்டாம், நெஞ்சுக்குப் பட்டை போட்டு மூன்று மாதம் இருக்கட்டும், சைக்கிளும் கிடையாது என்றார். "சிஸ்டரே, கர்த்தர் உங்க பக்கம் நிக்குறாரு" என்றார். என் பக்கம் நிற்கிற கர்த்தர் செவ்வாய்க்கிழமை காலையில் என்னை அந்தப் பெண்கள் கூட்டத்துக்கு விடாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மழை தூற ஆரம்பித்துவிட்டது. பொன்முடி இந்த வருஷம் அவ்வளவுதான். அவர் நெஞ்சுப் பட்டைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடியும் அந்த டி.வி.க்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாரோ? அதுதான் எனக்கு நெஞ்செலும்பைவிடப் பெரிய பயம்.

கிழக்கேக்கோட்டை தாண்டும்போது போன் அடித்தது. கிரிஷ். நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் இவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா எப்படி இருக்கார் மாமி? ரேக் விஷயம் அப்புறம் பாத்துக்கலாம். சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்."

"நான்தான் மோனே பேசுறேன்" என்றார் இவர். லைன் போய்விட்டது என்று நினைத்துக் கிரிஷ் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றான். வைப்பர் மட்டும் சத்தம் போட்டது.

"மோனே, எனக்கு நெஞ்சு அறுத்து ஓப்பரேஷன் செய்தது. ரெண்டு தடவ. நான் தூக்கப்படாது. எனக்க வீட்டுக்காரிக்கு நடுமுதுகில தட்டு விலகினது, அவளும் தூக்கப்படாது. எங்க வீட்டில தூக்க ஆளு கிடையாது, கேட்டியா? அதனால அந்தச் சாய்வுப் பலகை உள்ள பெரிய ரேக்குதான் எங்களுக்கு வேணும். மூணு வாரம் இல்ல, மூணு மாசம் ஆனாலும் செரி. ஓணம் கழிஞ்சு பொன்முடி போவோம். எழுதிக்கோ, ஒரு வண்டி முப்பது புள்ளி மூணு கிலோ. பேட்டரியோட."

செரி மாமா, எழுதிக்கறேன் என்றான் கிரிஷ்.

ஒன்பது மாதமாக எந்த மனுஷனிடமும் சொல்லாத வார்த்தை. சர்ச்சில் பாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. முன்னால் ரோடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மழை என்று நினைத்து வைப்பரை இன்னும் வேகமாக ஓடவிட்டேன். அப்போதும் தெரியவில்லை.

"என்னட்டி, வண்டிய நிறுத்திட்ட?" என்றார்.

"நீங்க சும்மா இரியுங்க" என்றேன்.